சுழியத்தை அழிக்காதீர்கள்

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத ஓர் அளவு வந்தால் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள்? அதை அழித்துவிட்டு, பக்கத்து மேசை நண்பரின் அளவைப் பார்த்து எழுதிவிடுகிறீர்கள். இந்தப் பழக்கம் ஏன் கூடாது என்பதற்கு விண்வெளி ஆய்வில் ஒரு நல்ல சான்று உண்டு.

1958 ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர் 1ஐ ஏவியது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் அதில் ஒரு கைகர் எண்ணியைப் பொருத்தியிருந்தனர். அண்டக்கதிர்களின் மின்னூட்டத் துகள்களை எண்ணுவது அதன் வேலை. நொடிக்கு ஏறத்தாழ 30 துகள்கள் பதிவாகும் என எதிர்பார்த்தனர். தாழ்வான உயரங்களில் அப்படியே பதிவானது. உயரே சென்றபோது சில இடங்களில் சுழியம் காட்டியது!

'கருவி பழுது' என்று அந்தச் சுழியத்தை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. மார்ச் மாதம் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 3இல் நாடாப் பதிவுக் கருவியும் இருந்ததால், சுற்றுப்பாதை முழுவதற்குமான அளவுகள் கிடைத்தன. எண்ணிக்கை மளமளவென உயர்ந்தது, பின்னர் சுழியமானது, சற்று நேரத்தில் மீண்டும் வந்தது. பழுதான கருவி இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளுமா? குழுவிலிருந்த கார்ல் மெக்கில்வேய்ன், அதே வகை எண்ணியை எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் வைத்துச் சோதித்தார். கதிர்வீச்சு மிக அதிகமானபோது எண்ணியின் கணக்கு சுழியத்துக்கு இறங்கியது.

காரணம் எளிது. ஒரு துகளை எண்ணிய பிறகு, அடுத்ததை எண்ண கைகர் குழாய்க்குச் சிறிது இடைவெளி தேவை. பள்ளி வாசலில் மாணவர்களை ஒவ்வொருவராக எண்ணலாம். ஆயிரம் பேர் ஒரேயடியாக முண்டியடித்தால் எண்ண முடியுமா? அதுபோல, துகள்கள் இல்லாததால் அல்ல, அளவுக்கு மீறி இருந்ததால்தான் சுழியம் வந்தது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களாலான அந்த வளையங்களை இன்று 'வான் ஆலன் கதிர்வீச்சு வளையங்கள்' என்கிறோம். செயற்கைக்கோள்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் இன்றும் அவற்றைக் கணக்கில் கொள்கின்றனர்.

விசித்திரமான அளவெல்லாம் கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்பது உண்மைதான். பெரும்பாலும் கம்பி தளர்ந்திருக்கும். அல்லது நிறுத்துக்கடிகாரத்தைத் தாமதமாக அழுத்தியிருப்பீர்கள். ஆனால், சோதித்துப் பார்க்காமல் அதை எப்படி அறிவது? அளவை அப்படியே எழுதுங்கள். வட்டமிடுங்கள். பரிசோதனையை மீண்டும் செய்யுங்கள். காரணத்தைத் தேடி அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'சரியான' விடைக்கு மட்டுமே நாம் மதிப்பெண் கொடுத்தால், மாணவர்கள் அழிப்பானைத்தான் நம்புவார்கள். நேர்மையாக எழுதிய தவறான அளவுக்கும், அதன் காரணத்தைத் தேடிய முயற்சிக்கும் மதிப்பெண் உண்டு என்று சொல்வோம். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.