அத்தை எழுதிச் சேர்த்த அத்தியாயம்

போன வாரம் சொன்னபடி, இந்த மாதம் படித்த நான்கு நாவல்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கோடையில் நான் கனமான புத்தகம் எதையும் தொடுவதில்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மே மாதம் கதைகளுக்கானது. கொன்றது யார், கப்பல் கரை சேர்ந்ததா, அவள் அவனைக் கட்டிக்கொண்டாளா என்பது தெரியும்வரை கீழே வைக்க மனம் வராத கதைகள்.

முதலில் சாண்டில்யனின் ‘கடல் புறா’. மூன்று பாகம். பதினைந்து வயதில் படித்தது, இப்போது இரண்டாம் முறை. கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் கருணாகரத் தொண்டைமான் கால் வைத்ததுமே ஆபத்து சூழ்ந்துகொள்கிறது. கடலும் கப்பலும் போரும் வரும் இடங்களில் இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. ஆனால் ஒன்று எரிச்சலூட்டியது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் நாயகன் நின்று, நடந்ததையெல்லாம் ஒரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறான். ஐந்தாவது தடவை புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பிடிபட்டது. இது குமுதத்தில் வாரா வாரம் வந்த கதை. ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள். அந்த ஏழு நாளில் வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், கிணற்றில் வாளி விழுந்திருக்கும். கதை எங்கே நின்றது என்று வாசகிக்கு மறந்திருக்கும். அவளைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போவதற்காகத்தான் நாயகன் அங்கே நின்று யோசிக்கிறான். புத்தகத்தில் தொய்வாகத் தெரிவது, வார இதழில் மரியாதை. இது புரிந்த பிறகு மிச்ச இரண்டு பாகத்தையும் ஒரு நாளைக்கு ஒரே அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு படித்து வருகிறேன். எரிச்சல் போய்விட்டது.

இரண்டாவது, சுஜாதாவின் ‘நைலான் கயிறு’. 1968-ல், அதுவும் குமுதத்தில் வந்தது. வக்கீல் கணேஷ் முதன்முதலில் தலைகாட்டிய கதை. அவனுடைய ஜூனியர் வசந்த் வர இன்னும் சில வருஷம் இருக்கிறது. பம்பாய் ஃபிளாட் ஒன்றில் ஒருவன் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறான். நடுநடுவே ஒரு பெண்ணின் டயரிப் பக்கங்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய எழுத்து என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், வாக்கியங்கள் அவ்வளவு இளமை. ஒரே இரவில் முடித்தேன். முடித்த பிறகு ஏதோ இழந்த மாதிரி இருந்தது. வாரா வாரம் படித்தவர்கள் மாதக்கணக்கில் கொலைகாரனைத் தேடியிருப்பார்கள். பஸ் ஸ்டாப்பிலும் ஆபீஸிலும் பந்தயம் கட்டியிருப்பார்கள். எனக்கு யோசிக்கக்கூட நேரமில்லை, பக்கத்தைப் புரட்டினால் விடை.

மூன்றாவது, ராஜேஷ்குமாரின் மாத நாவல் ஒன்று. ஆயிரத்தைந்நூறுக்கு மேல் எழுதியிருக்கும் அந்தக் கோயம்புத்தூர்க்காரரைப் பற்றித் தனியாகவே ஒரு வாரம் எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும். மாத நாவல் ஒரே இதழில் முடிந்துவிடும்; ‘தொடரும்’ போட்டு வாசகரைக் காக்க வைக்க அதில் வழியில்லை. அவர் என்ன செய்கிறார்? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டுகிறார். அந்தக் கதை உச்சத்தில் நிற்கும்போது இந்தக் கதைக்கு வந்துவிடுகிறார். ஒரு வாரக் காத்திருப்பைப் பத்துப் பக்கத்துக்குள் அடக்கிவிட்ட கெட்டிக்காரத்தனம் அது. கடைசியில் இரண்டும் வந்து முட்டும் இடம் தெரிந்தே காத்திருந்தேன், அப்படியும் திடுக்கிட்டேன்.

நான்காவது, தேவனின் ‘மிஸ்டர் வேதாந்தம்’. மறுபதிப்பு. பிரித்தவுடன் கோபம் வந்தது.

படங்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது கோபுலு வரைந்த கதை அது. ஓவியர் பெயரும் இல்லை, எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு முடிந்தது என்ற ஒரு வரியும் இல்லை. இதைப் பற்றி நான் எழுதுவது இது முதல் தடவை அல்ல. எத்தனையாவது என்று கணக்கு வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950-லிருந்து 1954 வரை வந்தபோது, நந்தினி எப்படி இருப்பாள் என்று தமிழ்நாட்டுக்குச் சொன்னது கல்கியின் பேனா பாதி, மணியத்தின் தூரிகை பாதி. நாட்டுடைமை ஆன பிறகு எத்தனையோ பேர் அச்சடித்து விற்கிறார்கள்; பலவற்றில் மணியம் இல்லை. சாண்டில்யனுக்கு லதா, சுஜாதாவுக்கு ஜெயராஜ், ‘தில்லானா மோகனாம்பா’ளுக்கு மறுபடி கோபுலு. சண்முகசுந்தரமும் மோகனாம்பாளும் 1968-ல் திரையில் வருவதற்குப் பல வருஷம் முன்பே வாசகர்கள் அவர்களைப் பார்த்துவிட்டார்கள். அந்தத் தொடர்களைப் படித்தவர்களுக்குப் படம் கதைக்குப் போட்ட அலங்காரம் அல்ல. காலையில் படத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பு வேலை முடிந்து, சாயங்காலம்தான் கதையைப் படிப்பார்கள். அந்த இடைவெளியில் படம்தான் கதை.

இப்படிக் கோபமாகப் பாதிப் பத்தி எழுதி வைத்திருந்த சனிக்கிழமை, கும்பகோணத்திலிருந்து அக்கா பையன் போன் செய்தான்.

“சித்தி, பெரிய அத்தை வீட்டைக் காலி பண்றோம். பரண்ல ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய பழைய பைண்டிங். எடைக்குப் போடச் சொல்றாங்க. உங்களுக்கு வேணுமா?”

“ஒண்ணையும் தொடாதே. நான் வரேன்.”

பெரிய அத்தையை இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். வெண்கலப் பானை பற்றி எழுதியபோது வந்தவர். என் அப்பாவின் அத்தை என்றாலும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரிய அத்தைதான். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வாரப் புத்தகம் வந்தால் மாமா, கொழுந்தன், நாத்தனார் எல்லோரும் படித்து முடித்த பிறகு அவர் கைக்கு வரும். ஆனால் அடுத்த இதழ் வந்த அன்றைக்குப் பழைய இதழ் அவருக்குச் சொந்தம். கம்பியைக் கத்தி முனையால் நிமிர்த்தி, தொடர்கதைத் தாள்களை மட்டும் கிழியாமல் உருவி, அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிடுவார். கதை முடிந்ததும் கோணி ஊசியும் சணல் நூலுமாக உட்காருவார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை. தினசரி காலண்டரின் அட்டை மேலே. முதுகுக்குக் கிழிந்த ரவிக்கைத் துணி. கடையில் கொடுத்துக் காலிகோ போட்டு வாங்கக் காசு கிடையாது.

அந்தப் பைண்டிங்குகளில்தான் நான் கதை படிக்கக் கற்றேன். கடைசித் தாளின் பின்பக்கத்தில் வேறொரு சிறுகதையின் நடுப்பகுதி இருக்கும். ஒரு பெண் பெட்டியோடு ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பாள். எதற்கு வந்தாள், யார் வந்து கூட்டிப்போனார்கள் என்பது வேறு தாளில், அது என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும். அமிர்தாஞ்சன் விளம்பரம் இருக்கும். பாதி நகைச்சுவைத் துணுக்கு இருக்கும். அத்தனையும் சேர்ந்ததுதான் எனக்கு நாவல்.

ட்ரங்குப் பெட்டியில் பதினொரு பைண்டிங் இருந்தன. இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மூன்றாவதாகக் கையில் வந்தது ‘மிஸ்டர் வேதாந்தம்’.

தேவன் 1957-ல் காலமானார். நாற்பத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. விகடனில் அத்தனை தொடர்கள் எழுதியும், தம் நாவல்களைப் புத்தகமாகக் கையில் வாங்கிப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவை நூலானது அவருக்குப் பின்னால்தான். அப்படியென்றால் அவர் இருந்த காலத்தில் அவருடைய நாவல் புத்தகமாக இருந்த இடம் எது? இந்த மாதிரி வீட்டுப் பரண்கள்தாம். காலண்டர் அட்டையும் ரவிக்கைத் துணியும் போட்டு ஊருக்கு ஊர் பெண்கள் தைத்து வைத்தவைதாம் அந்த நாவல்களின் முதல் பதிப்பு. இதை எந்த இலக்கிய வரலாற்றிலாவது யாராவது எழுத வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். பதிப்பாளர் பெயர் என்று ஒரு வரி வருமே, அதில் பெரிய அத்தையின் பெயர் இருக்கத் தகும்.

பையனும் நானும் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் தூசி தட்டினோம். பாதிக்கு மேல் வந்ததும் அச்சு நின்று கையெழுத்து ஆரம்பித்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், ஆறு பக்கம். ஒரு அத்தியாயம் முழுவதும் கையால் எழுதியது. அடியில் சின்ன எழுத்தில்: இந்த வாரப் புத்தகம் கிடைக்கவில்லை, மேலத்தெரு வீட்டில் வாங்கிப் பார்த்து எழுதியது, ஒரு நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது பக்கத்தில் மசி மாறுகிறது. நீலம் போய்ப் பென்சில் வருகிறது. எழுத்தும் கொஞ்சம் சாய்கிறது. கைக்குழந்தை அழுதிருக்குமோ, இருட்டிவிட்டதோ, எனக்குத் தெரியாது. மறுபதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆறு பக்கத்தையும் வரி வரியாக ஒப்பிட்டேன். ஒரு சொல் விடுபடவில்லை.

“சித்தி, இங்க பாருங்க” என்றான் பையன்.

இரண்டு தாள்களுக்கு நடுவே ஒரு மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. எண்ணெய் தடவி, படத்தின் மேல் வைத்து, கோட்டின் மேல் கோடாகப் பென்சிலால் இழுத்த படம். எண்ணெய் மஞ்சளாகித் தாள் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் முகம் தெரிகிறது. கோபுலு கையெழுத்துப் போடும் மூலையில் அந்தக் கையெழுத்தையும் அப்படியே இழுத்து வைத்திருக்கிறார். ஒரு நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம், கைக்குழந்தை, கூட்டுக் குடும்பம். அவ்வளவுக்கும் நடுவில் படத்தையும் ஓவியர் பெயரையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பையன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

‘மிஸ்டர் வேதாந்தம்’ கதையைப் பற்றி எழுத இந்த வாரம் இடமில்லை. ‘கடல் புறா’ மூன்றாம் பாகம் வரை போய்விட்டு வருகிறேன்.

அத்தையின் ‘மிஸ்டர் வேதாந்த’த்தை நேற்று பைண்டரிடம் கொண்டு போனேன். நூல் இற்றுவிட்டது, தைக்காமல் வைத்தால் தாள் உதிர்ந்துவிடும். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “மூணு பக்கமும் கட்டிங் போட்டாத்தாம்மா ஃபினிஷிங் வரும். ஓரம் கால் அங்குலம் போகும், பரவாயில்லையா?” என்றார்.

கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தாளை மிச்சம் பிடிக்க விளிம்பு வரைக்கும் எழுதியிருக்கிறார் அத்தை. பைண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படித்தார். அத்தியாயத்தின் கடைசி வரிக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், ‘தொடரும்’ என்று எழுதியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

“வெட்ட வேணாம். அப்படியே கையால தெச்சுத் தரேன். பத்து நாள் ஆகும்” என்றார்.