குதிரைப் படிப்பும் கம்பளிப்பூச்சியும்

2001ஆம் ஆண்டு, ஏப்ரல் கடைசி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரைச் சுற்றியுள்ள பந்தயக் குதிரைப் பண்ணைகளில் அது குட்டி ஈனும் பருவம். நன்றாக இருந்த சினைக் குதிரைகள் திடீரென்று இறந்த குட்டிகளை ஈன்றன. உயிரோடு பிறந்த குட்டிகள் பலவும் எழுந்து நிற்க வலுவில்லாமல் செத்தன. சினை பிடித்து இரண்டு மாதமே ஆன குதிரைகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது, கருவில் துடிப்பு இல்லை. இறந்த குட்டிகளை ஏற்றிய வண்டிகள் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயறி மையத்துக்கு வந்தவண்ணம் இருந்தன.

முதலில் சந்தேகம் புல்லின் மேல் விழுந்தது. அந்த ஆண்டு வசந்தம் சீராக இல்லை. வெயில் அடித்தது, நடுவில் உறைபனி விழுந்தது, மழை குறைந்தது. அதனால் புல்லில் பூஞ்சை நஞ்சு ஏறியிருக்கலாம் என்றார்கள் சிலர். வேலியோரக் காட்டுச் செர்ரி மரத்தின் இலையில் உள்ள சயனைடுதான் காரணம் என்றார்கள் வேறு சிலர். அந்தச் செர்ரி மரங்களில் கூடு கட்டிப் பெருகியிருந்த கம்பளிப்பூச்சிகளையும் சிலர் கவனித்திருந்தார்கள். மரத்தை மொட்டையடித்துவிட்டு அவை மேய்ச்சல் நிலத்தில் கூட்டம் கூட்டமாக ஊர்ந்து போயின.

அடுத்த வசந்தத்தில் ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தார்கள். கம்பளிப்பூச்சி கலந்த தீனியைத் தின்ற சினைக் குதிரைகளுக்குக் கரு கலைந்தது. பூச்சியின் எச்சத்தை மட்டும் தின்றவற்றுக்கு அப்படி ஆகவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் பூச்சியின் மேல்தோலையும் அதிலுள்ள நுண்முடிகளையும் சுட்டிக்காட்டின. அந்த முடிகள் குடல் சுவரில் குத்தி ஏறுகின்றன. அந்த வழியாகக் குடலின் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து கருவைத் தாக்குகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதற்குள் கென்டக்கியின் குதிரைத் தொழில் இழந்தது 30 கோடி டாலருக்கும் மேல். 1980, 1981இலும் அங்கே இதே போன்ற இழப்பு நேர்ந்திருக்கிறது. அப்போது காரணம் பிடிபடவில்லை.

இந்த முறை பிடிபட்டதற்குக் காரணம், கால்நடை மருத்துவரும் பூச்சியியலாளரும் புல் வல்லுநரும் ஒரே வளாகத்தில் இருந்தார்கள் என்பதுதான். அன்றைக்கு கென்டக்கி மாநிலத்தில் கால்நடை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரி ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவராக விரும்பும் மாணவர்கள் அலபாமா மாநிலத்துக்குப் போனார்கள். ஆனால் வேளாண் கல்லூரியும், குதிரை நோய்களுக்கென்றே 1987இல் திறக்கப்பட்ட க்ளக் ஆராய்ச்சி மையமும் உள்ளூரில் இருந்தன. இலங்கையில் அமெரிக்கத் தூதராக இருந்த மேக்ஸ்வெல் க்ளக்கும் அவர் மனைவி முரியலும் தந்த கொடையால் எழுந்தது அந்த மையம். 1957இல் செனட் குழு கேட்டபோது இலங்கைப் பிரதமரின் பெயரைச் சொல்ல முடியாமல் நின்றவர் என்றே வரலாறு அவரை அதிகம் நினைக்கிறது. குதிரைகளுக்கு அவர் செய்தது அதைவிடப் பெரிது.

குதிரைக் கல்வி என்றால் ஊசி போடுவதும் அறுவை செய்வதும்தான் என்று நினைப்பது தவறு. குதிரையின் உடம்பு பருவத்தோடு கட்டுண்டது. பகல் நீளும்போதுதான் பெண் குதிரை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். பந்தய உலகமோ வட அரைக்கோளத்தில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1ஆம் தேதியையே பிறந்தநாளாக வைத்திருக்கிறது. ஜனவரியில் பிறந்த குட்டிக்கும் மே மாதத்தில் பிறந்த குட்டிக்கும் ஏட்டில் ஒரே வயது. அதனால் வளர்ப்பாளர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே லாயத்தில் விளக்கேற்றி, நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுத்து, குதிரையின் உடம்பை முன்கூட்டியே வசந்தத்துக்குத் தயார் செய்கிறார்கள். எந்த வெளிச்சம், எத்தனை நாள் என்பதைச் சொல்லிக்கொடுத்தது ஆராய்ச்சி.

குளிர்காலத்திலும் இப்படித்தான். கடுங்குளிரில் தானியத்தைக் கூட்டிக் கொடுத்தால் உடம்பு சூடாகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் உலர்புல் பெருங்குடலில் நொதிக்கும்போதுதான் அதிகச் சூடு பிறக்கிறது. கூட்ட வேண்டியது புல்லைத்தான். தண்ணீர் உறைந்தோ மிகவும் குளிர்ந்தோ கிடந்தால் குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். குடலில் தீனி இறுகி வயிற்றுவலி வரும். குதிரையைக் கொல்லும் நோய்களில் வயிற்றுவலி முன்வரிசையில் நிற்பது.

பல்கலைக்கழகம் தன் வேலையின் விளைவை எதிர்கொண்ட கதையும் ஒன்று உண்டு. கென்டக்கியின் மலைச்சரிவு ஒன்றில் 1931இல் கண்டெடுத்த ஃபெஸ்கியூ புல்லை, 'கென்டக்கி 31' என்ற பெயரில் 1943இல் விவசாயிகளுக்கு வழங்கியது இதே பல்கலைக்கழகம். எந்த மண்ணிலும் பிழைக்கும் அந்தப் புல் அமெரிக்காவின் பல பகுதிகளில் பரவியது. அதற்குள் வாழும் பூஞ்சை பற்றித் தெரியவந்தது பல பத்தாண்டுகள் கழித்து. அந்தப் புல்லை மேய்ந்த சினைக் குதிரைக்குக் குட்டி ஈனும் நாள் தள்ளிப்போகும். மடியில் பால் சுரக்காது. குட்டி ஈனுவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே அந்த மேய்ச்சலிலிருந்து குதிரையை விலக்க வேண்டும் என்பது இன்று அங்கே பாலபாடம். தான் கொடுத்த விதையின் தீங்கைத் தானே ஆராய்ந்து ஊருக்குச் சொல்வதுதான் பல்கலைக்கழகத்தின் நேர்மை.

அங்கே இப்போது குதிரை அறிவியலுக்கும் பண்ணை நிர்வாகத்துக்கும் தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. தீனி, இனப்பெருக்கம், மேய்ச்சல் நிலம், வணிகம் எல்லாம் பாடம். களப்பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை. வகுப்பறைக்கு வெளியே, 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த வேளாண் விரிவாக்கப் பணி இந்த அறிவைக் குதிரைக்காரர்களிடம் கொண்டுசேர்க்கிறது. இரண்டு மாதத்துக்கொரு முறை கண்ணை மூடிக்கொண்டு குடற்புழு மருந்து கொடுத்த பழக்கத்தை விட்டு, சாணத்தில் முட்டையை எண்ணிப் பார்த்துக் கொடுக்கச் சொல்வது ஓர் உதாரணம். மருந்துக்குப் புழு பழகிவிட்டதுதான் இந்த மாற்றத்துக்குக் காரணம்.

தமிழ்நாட்டிலும் குதிரைகள் இருக்கின்றன. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பயணிகளைச் சுமப்பவை, மெரினா மணலில் நடப்பவை, கிண்டி லாயங்களில் வளர்ந்தவை. இங்கே சமவெளியில் உறைபனிக்குப் பதில் வெக்கை. புழுக்கம் மிகுந்த ஊரில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வியர்க்காத குதிரையை ஓடவிட்டால் உயிருக்கு ஆபத்து. மணலில் போட்ட தீனியைத் தின்றால் வயிற்றில் மணல் தங்கும். மழைக்குப் பின் ஈ பெருகினால் 'சர்ரா' என்னும் ரத்த ஒட்டுண்ணி நோய் வரும். சூடேறிய குதிரை மேல் குளிர்ந்த நீர் ஊற்றக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. ஊற்றுவதே பாதுகாப்பு என்று 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. இது மெரினாவில் கடிவாளம் பிடிக்கும் இளைஞரின் காதுக்கு எட்ட வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை அறிவியலுக்கென 1989இல் தொடங்கிய பல்கலைக்கழகம் சென்னையில்தான் உள்ளது. மாவட்டங்களில் உள்ள அதன் பயிற்சி மையங்கள் ஆடு, மாடு, கோழி வளர்ப்போருக்குத் தமிழில் பயிற்சி தருகின்றன. அந்த வரிசையில் குதிரைக்கும் நிலையான இடம் வேண்டும். மலையில் சீசன் தொடங்கும் ஏப்ரலுக்கு முன் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, குதிரைக்காரர்களை அழைத்து, கூலி இழப்புக்கு ஈடும் கொடுத்து, இரண்டு நாள் பயிற்சி நடத்தலாம். பல்கலைக்கழகமும் கால்நடை பராமரிப்புத் துறையும் வரும் ஏப்ரலுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.