கழிவு கடலைச் சேருமுன் சேரியைக் கடக்கிறது

கடல் மாசு என்றவுடன் எண்ணெய்க் கப்பல்களும் நெகிழிக் குப்பையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கடலைக் கெடுப்பவற்றில் பெரும்பகுதி நிலத்திலிருந்தே செல்கிறது. இதை ஏற்றுக்கொண்ட உலக நாடுகள், 1995-இல் வாஷிங்டனில் கூடி ஒரு செயல்திட்டத்தை வகுத்தன. அதே காலத்தில், பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்த நாகப்பட்டினத்தின் கடலோரத்தில், நிலமற்ற தலித் பெண்கள் இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சத்தியாகிரகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டத்தைச் சுற்றுச்சூழல் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அது நிலவுரிமைப் போராட்டமாகவும் இருந்தது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டது.

இறால் குட்டையில் உப்புநீரைத் தேக்கி, தீவனமும் மருந்தும் இட்டு, சில மாதங்களில் அறுவடை செய்கிறார்கள். பின்னர் தின்னாத தீவனமும் இறாலின் கழிவும் மருந்துகளும் கலந்த நீர் திறந்துவிடப்படுகிறது. அது செல்லும் வழி வடிகால் வாய்க்கால். வெட்டாறும் வெள்ளையாறும் கடலை அடையும் அந்தக் கடைமடையில் பாசனம், வடிகால், கழிமுகம் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. கழிமுகத்தில் கழிவு சேர்ந்தால் மீன்குஞ்சுகள் வளரும் இடம் கெடுகிறது. கட்டுமரத்திலும் சிறு படகிலும் செல்லும் மீனவர்தாம் அதை முதலில் உணர்கிறார்கள். குட்டையின் உப்பு பக்கத்து வயலுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் கசிகிறது. பண்ணையார் குடிநீரை லாரியில் வரவழைத்துக்கொள்வார். சேரிக்கு இருப்பது ஓர் அடிபம்பு. அதில் உப்புநீர் வந்தால் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடம் சுமக்க வேண்டும். அடுத்த ஊரில் எந்தத் தெருக் குழாயில் அவர்களைத் தண்ணீர் பிடிக்க விடுவார்கள் என்பது தனிக் கேள்வி.

தண்ணீரோடு வேலையும் போகிறது. நெல் வயலுக்கு நடவு, களையெடுப்பு, அறுவடை என ஆள்கள் வேண்டும். குட்டைக்குச் சில காவலாளிகள் போதும். டெல்டாவில் வயலில் இறங்குவோரில் பெரும்பாலோர் தலித் பெண்கள் என்பதால், நெல் வயல் இறால் குட்டையாக மாறும்போது யாருடைய கூலி அழிகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதே மண்ணில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அங்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் இணையர் 1981-இல் 'லாப்டி' இயக்கத்தைத் தொடங்கி, நிலங்களை வாங்கித் தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்தார்கள். அப்படி நிலம் கைமாறிக்கொண்டிருந்த பகுதியில்தான் தொண்ணூறுகளில் இறால் நிறுவனங்கள் நுழைந்தன. ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றம் சென்றார்.

1996 டிசம்பர் 11-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு அளித்த தீர்ப்பு இன்று படிக்கும்போதும் வியப்பளிக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள இறால் குட்டைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். விளைநிலத்தையும் உப்பளத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் குட்டையாக்கக் கூடாது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும். வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளருக்கு ஆறு ஆண்டு ஊதியம் தர வேண்டும். கழிவுநீரின் அளவோடு நில்லாமல், நிலம், நீர், உழைப்பு மூன்றையும் அத்தீர்ப்பு ஒரே கணக்கில் வைத்தது.

தீர்ப்பு நிறைவேறவில்லை. மறுஆய்வு மனுக்களால் இடிப்பு நின்றது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. கடலோர மண்டலத் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என்று 1991 பிப்ரவரி 19 முதலே முன்தேதியிட்டு அது அறிவித்தது. உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று கண்டதை ஒரு பிரிவின் மூலம் பின்னோக்கிச் சட்டபூர்வமாக்கிய திறமை இது. பதிவின்றிப் பண்ணை நடத்துவோருக்கு அச்சட்டம் வைத்திருந்த சிறைத் தண்டனையையும் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி, பணத் தண்டனையாக்கியது.

மாநில அரசு என்ன செய்தது? 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தாமிர உருக்காலையையும் தோல் தொழிற்சாலையையும் எண்ணெய், எரிவாயு எடுப்பையும் தடுக்கிறது. வரவேற்கிறோம். அதன் தடைப் பட்டியலில் இறால் பண்ணை இல்லை. நிலவுடைமையாளரின் வயலுக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்துகள் பட்டியலில் இடம்பெற்றன. அவரே குத்தகைக்கு விட்டு உண்டாக்கும் ஆபத்து விடுபட்டுவிட்டது. இது தற்செயல் என்று நாம் நம்பவில்லை.

விளைநிலத்தை மாற்றக் கூடாது என்ற விதி இன்றும் ஏட்டில் உண்டு. ஆனால் ஒரு குட்டையின் கசிவால் பக்கத்து வயல் உவர் நிலமானால், அது விளைநிலம் அல்ல என்று சொல்லிவிடலாம். இந்த ஓட்டையை அடைக்காமல் கழிவுநீர் மாதிரியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பண்ணை விண்ணப்பங்கள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் செல்கின்றன. அக்குழுவில் விவசாயத் தொழிலாளர் பிரதிநிதித்துவத்தை நாம் கோர வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். குட்டை தோண்டும் முன்பும் ஒவ்வோர் அறுவடைக்குப் பின்பும் அருகிலுள்ள சேரி அடிபம்பின் உப்புத்தன்மை அளக்கப்பட்டு, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். நாகை, திருவாரூர், தஞ்சைக் கல்லூரிகளின் வேதியியல் மாணவர்கள் இதற்காக அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.