முதுமைக்கு எந்த நாடு?

ஓய்வுக்காலத்தை எந்த நாட்டில் கழிப்பது என்று தன் விருப்பப்படி முடிவு செய்யும் வாய்ப்பு ஹைதராபாதில் யாருக்கேனும் முழுமையாகக் கிடைத்தது என்றால், அது முகரம் ஜாவுக்குத்தான். கடைசி நிஜாம் உஸ்மான் அலி கானின் பேரன். தாய்வழியில் துருக்கியின் கடைசி கலீஃபாவுக்கும் பேரன். 1933-ல் பிரான்ஸின் நீஸ் நகரில் பிறந்து, டேராடூனிலும் இங்கிலாந்திலும் படித்தவர். 1967-ல் பாட்டனாரின் வாரிசாக சௌமஹல்லா அரண்மனையில் முடிசூட்டப்பட்டார். நான்கே ஆண்டுகளில் இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த 26-வது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் ஒழித்தது. வாரிசுகளின் வழக்குகளும், பரம்பரையாக அரண்மனையை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களின் கூலிப் பாக்கியும் கழுத்தை நெரித்தன.

அவர் தேர்ந்தெடுத்த நாடு ஆஸ்திரேலியா. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் மேற்குக் கரையில், கல்பாரி என்ற சிற்றூருக்கு அருகே ஏறத்தாழ 5 லட்சம் ஏக்கர் பரப்புள்ள ஆட்டுப் பண்ணையை வாங்கினார். நகைகளும் அரண்மனைகளும் ஹைதராபாதில் இருக்க, நிஜாமின் வாரிசு அங்கே புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தார். அதுவும் நிலைக்கவில்லை. கடன் தொல்லையால் 1990-களில் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேறி, தாயின் பூர்விக நாடான துருக்கியில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் முதுமையைக் கழித்தார். 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலமானார். தம்மை ஹைதராபாதில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவரது விருப்பம். உடல் தனி விமானத்தில் கொண்டுவரப்பட்டு, தெலங்கானா அரசின் மரியாதையுடன் மக்கா மசூதி வளாகத்தில் முன்னோர்களுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது.

இன்று ஹைதராபாதில் வெளிநாட்டு முதுமை என்பது அரண்மனை விவகாரம் அல்ல. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பள்ளித் தலைமையாசிரியர், மின்வாரியப் பொறியாளர் என நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடப் பிரச்னை அது. உஸ்மான் சாகர் ஏரிக்கரையில் உள்ள சில்கூர் பாலாஜி கோயிலுக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர் வந்துவிட்டது. வேண்டுதலுக்கு 11 முறை வலம். நிறைவேறினால் 108 முறை. ஒரு காலத்தில் மகனுக்காகச் சுற்றிய தந்தையர் இப்போது தமக்காகவும் சுற்ற வேண்டிய நிலை. சென்னைக்கும் கோவைக்கும் இது புதிய செய்தியாக இருக்காது.

ஓய்வுக்கு நாடு தேர்ந்தெடுப்பது என்று மேலைநாட்டார் பேசும்போது, தட்பவெப்பம், விலைவாசி, மருத்துவ வசதி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தாய்லாந்தில் ஐம்பது வயதைக் கடந்த அயல்நாட்டவர் தங்குவதற்கென்றே தனி விசா உண்டு; வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டினால் போதும். நம் நாட்டில் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-லிருந்து மாதம் 1,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு பாங்காக்கை என்ன, பக்கத்து மாவட்டத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. நம் முதியவர்கள் நாட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறார்கள். அங்கே தங்கலாமா, எத்தனை நாள் தங்கலாம் என்பதை அந்த நாட்டின் குடியேற்ற அதிகாரி முடிவு செய்கிறார்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். சுற்றுலா விசாவில் செல்லும் பெற்றோருக்குப் பொதுவாக ஒரு முறைக்கு ஆறு மாதம் தங்க அனுமதி. மகன் எச்-1பி விசாவில் இருந்தாலும், கிரீன் கார்டு பெற்றுவிட்டாலும்கூட, பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள உரிமை இல்லை. அவர் குடிமகனாக வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் காத்திருக்கும் காலத்தை நினைத்தால், மகன் குடிமகனாகும்போது தந்தை உயிரோடு இருப்பாரா என்பதே கேள்வி. அப்படியே நிரந்தரக் குடியுரிமைச் சீட்டு கிடைத்தாலும், அங்கே வேலை செய்யாத முதியவர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே, சந்தா கட்டி அரசின் மெடிகேர் காப்பீட்டில் சேர முடியும். சொந்த ஊரில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டாலோ, சீட்டே பறிபோகும் அபாயம்.

மற்ற நாடுகள் மட்டும் தாராளமாக இருக்கின்றனவா? பிரிட்டன் 2012-ல் விதிகளை இறுக்கியது. அன்றாடத் தேவைகளுக்கே பிறர் துணை வேண்டும், அந்தத் துணை சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபித்தால்தான் பெற்றோருக்கு அனுமதி. ஆஸ்திரேலியாவில் பணம் கட்டாத பெற்றோர் விசாவுக்கு இப்போது விண்ணப்பித்தால் 30 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க நேரும் என்று அந்நாட்டு அரசே சொல்கிறது. எழுபது வயதுக்காரரிடம் இதைச் சொல்வதற்குப் பெயர் குடியேற்றக் கொள்கையா? அவசரம் என்றால் தலைக்கு 40,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும்; அந்த வரிசையும் நீண்டுகொண்டே போகிறது. ஓரளவு கருணை காட்டியது கனடாதான். 2022-லிருந்து அதன் 'சூப்பர் விசா'வில் ஒரு முறை சென்றால் ஐந்தாண்டுகள் வரை தங்கலாம். தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

பிற நாடுகள் தம் கஜானாவைக் காத்துக்கொள்வதை நாம் குறை சொல்ல முடியாது. நம் அரசு என்ன கேட்கிறது என்பதுதான் கேள்வி. வெளிநாட்டிலிருந்து உலகிலேயே அதிகமாகப் பணம் பெறும் நாடு இந்தியா. ஜனவரி 9-ம் தேதியைப் பிரவாசி தினம் என்று போற்றுகிறோம். வர்த்தகப் பேச்சுகளில் தில்லி வலியுறுத்துவது இளம் பொறியாளர்களுக்கான விசாக்களை. அவர்களைப் பெற்றவர்களைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. கனடா தந்ததைப் போன்ற நீண்டகாலப் பெற்றோர் விசாவை மற்ற நாடுகளிடமும் கேட்பதில் என்ன தயக்கம்?

திரும்பி வர விரும்புகிறவர்களின் பாடும் இதேதான். அமெரிக்காவில் இந்தியர்கள் சம்பளத்தில் 6.2 சதவீதம் சமூகப் பாதுகாப்பு வரி கட்டுகிறார்கள். நிறுவனமும் அதே அளவு கட்டுகிறது. பத்தாண்டுகள் கட்டினால்தான் ஓய்வூதியம்; அதற்கு முன் ஊர் திரும்பினால் கட்டியது போனதுதான். இதைச் சரிசெய்யும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட பல நாடுகளுடன் நமக்கு உண்டு. நம்மவர்கள் பெருந்திரளாக வேலை செய்யும் அமெரிக்காவுடன் இல்லை. பிரிட்டனில் உழைத்து ஓய்வுபெற்று இந்தியாவுக்குத் திரும்புகிறவரின் அரசு ஓய்வூதியம் திரும்பிய நாளின் தொகையிலேயே உறைந்துவிடுகிறது. பிலிப்பின்ஸில் குடியேறினால் ஆண்டுதோறும் உயரும். இதில் என்ன நியாயம் என்று நம் அரசு உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு காலத்தில், நாடு கடத்தப்பட்டு நீஸ் நகரில் வாழ்ந்த கலீஃபாவுக்கு மாதம் 300 பவுண்டு ஓய்வூதியம் அனுப்பியது இதே ஹைதராபாத் சமஸ்தானம். அந்த ஊர் முதியவர்கள் இன்று விமான நிலையத்தில் மருந்துப் பெட்டியுடன் நின்று, ஆறு மாதத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது எளிய பதில். பார்த்துக்கொள்கிறவர்கள்தான் பெரும்பாலோர். பார்க்காதவர்களிடம் கேட்க என்ன வழி? 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், வெளிநாட்டில் உள்ள இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்கிறது. ஆனால், 2022-ல் மட்டும் இரண்டேகால் லட்சம் பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்திருக்கிறார்கள். அயல்நாட்டுக் குடிமகனாகிவிட்ட மகனை அந்த வாசகத்தைக் கொண்டு எட்டிப்பிடிப்பது கடினம். சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச ஜீவனாம்சம் மாதம் 10,000 ரூபாய். அந்த உச்சவரம்பை நீக்குவதற்காக 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கலான திருத்த மசோதா, நிறைவேறாமலேயே 2024-ல் அவையுடன் சேர்ந்து காலாவதியானது. புதிய அவையில் அதை மீண்டும் கொண்டுவரும்படி கேட்க, தெலங்கானாவிலிருந்து 17 பேரும் தமிழகத்திலிருந்து 39 பேரும் தில்லியில் இருக்கிறார்கள்.