ஆறு மணிக்கு என்ன பண்றது மச்சி?

செமஸ்டர் ரிசல்ட் வந்தா ட்ரீட். அரியர் கிளியர் ஆனா ட்ரீட். கிளியர் ஆகலைன்னா ஆறுதல் ட்ரீட். பிறந்த நாள், பிளேஸ்மென்ட், லவ் ஓகே ஆனது, அதே லவ் புட்டுக்கிட்டது... எல்லாத்துக்கும் ஒரே ட்ரீட்! நம்ம பசங்க காலண்டர்ல லீவு நாளைவிட ட்ரீட் நாள்தான் ஜாஸ்தி.

'ஆரம்பிச்சுட்டான்யா அட்வைஸ்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். எனக்கு வயசு இருபது. தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாதுங்கிறது விதி. ஸோ, சட்டப்படி இந்த சப்ஜெக்ட் எனக்கு அவுட் ஆஃப் சிலபஸ்! குடிக்கிறவன் கெட்டவன், குடிக்காதவன் நல்லவன்னு மார்க் போடறதும் நம்ம வேலை இல்லை. 'கொஞ்சம் ஓவராத்தான் போகுதோ... குறைச்சுக்கலாமா, விட்டுடலாமா?'ன்னு மனசு ஓரத்துல ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டு, வெளியே சிரிச்சுக்கிட்டு இருக்காரே ஒருத்தர், அவருக்காகத்தான் இந்த வாரம். அது நீங்களா இருக்கலாம், உங்க ரூம்மேட்டா இருக்கலாம், வீட்டுல அப்பாவா இருக்கலாம்.

எங்க ஹாஸ்டல்ல ஃபைனல் இயர் அண்ணா ஒருத்தர், நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டார். எப்படிண்ணா போகுதுன்னு கேட்டேன். "குடியை விடறதுகூடப் பெரிய விஷயமா தெரியலடா தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா என்ன பண்றதுன்னே தெரிய மாட்டேங்குது"ன்னார்.

மேட்டரே இதுதான்! இதே கேள்வியை நம்ம ஜில்லா 1937-லயே சந்திச்சிருக்கு.

நாமதான் ஃபர்ஸ்ட்!

மெட்ராஸ் மாகாணத்துல முதன்முதலா மதுவிலக்கு வந்த மாவட்டம் எது தெரியுமா? சாட்சாத் நம்ம சேலம்! தேதி, 1937 அக்டோபர் 1. அப்போ நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லாவுக்குள்ளதான். நாமக்கல் தனி மாவட்டம் ஆனதே 1997-லதான்.

கொண்டுவந்தவர் ராஜாஜி. அப்போ மாகாணத்தோட பிரதமர். (முதலமைச்சரை அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்வாங்க.) அவருக்கு இந்த மண்ணு புதுசு இல்லை. சேலத்துல வக்கீலா இருந்தவர், 1917-ல சேலம் நகராட்சித் தலைவர் ஆனவர். 1925-ல திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சார். இன்னிக்கு ரிக் வண்டிக்கும் இன்ஜினீயரிங் காலேஜுக்கும் ஃபேமஸான அதே திருச்செங்கோடுதான். அந்த ஆசிரமத்துல இருந்து 1929-ல 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை வந்துச்சு. முழுக்க முழுக்க மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை! ஆசிரியர் ராஜாஜி, கூட இருந்து வேலை பார்த்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம 'பொன்னியின் செல்வன்' கல்கிதான்! பத்து இதழ்தான் வந்துச்சு. ஆனா கதை, படம்னு போட்டுக் குடியைப் பத்திப் பேசின அந்த ஐடியா, இன்னிக்கு நம்ம காலேஜ்ல நடக்கிற எத்தனையோ 'அவேர்னஸ் புரோகிராம்'களைவிட ஃப்ரெஷ்ஷு.

கடையை மூடினதோட கதை முடிஞ்சிடலை. பகல் முழுக்கத் தறியிலயும் காட்டுலயும் உடம்பை முறிச்ச மனுஷன், சாயங்காலம் எங்கே போவான்? கள்ளுக்கடைங்கிறது அவனுக்குக் கள்ளு மட்டும் இல்லை. நாலு சேக்காளி, ஊர்க்கதை, கொஞ்சம் சிரிப்பு, வீட்டுக் கவலைக்கு ஒரு இடைவேளை. இது எல்லாத்தையும் சேர்த்து இல்ல மூடறோம்! அதனால விளையாட்டு, பஜனைன்னு கிராமத்துச் சாயங்காலங்களை நிரப்பற வேலையும் மதுவிலக்கோட சேர்ந்தே நடந்துச்சு. நம்ம ஹாஸ்டல் அண்ணா கேட்ட கேள்விக்கு அன்னிக்கே ஒரு பதில் தேடியிருக்காங்க பாருங்க.

இன்னொரு சுவாரஸ்யம். மது வருமானம் போச்சுன்னா கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல விற்பனை வரியைக் கொண்டுவந்தார் ராஜாஜி. சாராயக் காசு வேண்டாம்னு வந்த வரி அது. அப்புறம் நடந்தது எல்லாம் ஃபாஸ்ட் ஃபார்வர்டு... உலகப்போர் நடுவுல 1943-ல மதுவிலக்கு நின்னுச்சு, 1948-ல மாகாணம் முழுக்க வந்துச்சு, 1971-ல எடுத்தாங்க, மறுபடி போட்டாங்க, மறுபடி எடுத்தாங்க. 2003 கடைசியில இருந்து சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கையில. 2023-24-ல மட்டும் அரசுக்கு அதுல வந்த வருமானம் 45,800 கோடி ரூபாய்க்கு மேல. ஆக, இப்போ அந்த வரியும் இருக்கு, இந்த வருமானமும் இருக்கு!

கடை வேணுமா, வேண்டாமாங்கிறது பெரிய சண்டை. அந்தச் சண்டையில உயிரையே விட்டவர் சேலத்துக்காரர் சசிபெருமாள். கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு மதுக்கடையை எடுக்கச் சொல்லி, செல்போன் டவர்ல ஏறிப் போராடினப்போ, 2015 ஜூலை 31 அன்னிக்கு இறந்துபோனார். இன்னொரு பக்கம், 2024 ஜூன்ல பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. ஊர் முழுக்க டாஸ்மாக் இருக்கும்போதே! கடை திறந்திருக்கோ மூடியிருக்கோ, அது நம்ம கையில இல்லை. நம்ம கையில இருக்கறது நம்ம சாயங்காலம் மட்டும்தான்.

ஒரு குட்டிக் கணக்கு

இன்ஜினீயரிங் பசங்ககிட்ட தத்துவம் எடுபடாது, கணக்குதான் எடுபடும். கால்குலேட்டரை எடுங்க.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. லேபிளைப் பார்த்தா ஆல்கஹால் 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். ஆல்கஹாலோட அடர்த்தி 0.79. பெருக்குங்க... சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால்! டாக்டருங்க 10 கிராமை ஒரு அளவுன்னு கணக்கு வெச்சுக்கறாங்க. அப்போ ஒரு குவார்ட்டர்னா ஆறு அளவு. 'கட்டிங்தான் மச்சி'ன்னு அடிக்கிற பாதி குவார்ட்டர், மூணு அளவு. 'பீர்தானேடா, அதெல்லாம் கணக்குலயே வராது'ன்னு சொல்றவங்களுக்கு: 650 மில்லி பாட்டில், 5 சதவீதம்னா 26 கிராம். 'ஸ்ட்ராங்'னு போட்ட 8 சதவீதம்னா 41 கிராம். நாலு அளவு சார்!

நம்ம கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழுல இருந்து பத்து கிராம் வரைக்கும்தான் எரிக்கும். நைட்டு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடிச்சவன் ரத்தத்துல, காலையில அஞ்சு மணிக்கும் சரக்கு ஓடிக்கிட்டு இருக்கலாம். சிலருக்கு ஏழு மணி வரைக்கும்கூட. மோர், எலுமிச்சை ஜூஸ், பிளாக் காபி, பச்சைத் தண்ணிக் குளியல்... எதுவும் அந்த ஸ்பீடைக் கூட்டாது. தூக்கம் வேணா தெளியும், ரத்தம் தெளியாது. அதே காலையில பைக்கை எடுத்துக்கிட்டு பைபாஸ்ல லாரிகளுக்கு நடுவுல பறக்கறோமே, அதுதான் பயம். வண்டி ஓட்டறவங்களுக்கு சட்டம் அனுமதிக்கிற அளவு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான்.

இன்னொண்ணு. 'அவன் எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பான்டா'ன்னு ஒருத்தரை ஹீரோ ஆக்கி வெச்சிருப்போம். ஸ்டெடியா நிக்கறது கெத்து இல்லை பாஸ். அதே போதைக்கு இன்னும் அதிகமா கேக்கற அளவுக்கு உடம்பு பழகிடுச்சுங்கிறதுக்கான அடையாளம் அது.

நாலே நாலு கேள்வி

டாக்டருங்க ரொம்ப வருஷமா கேக்கற நாலு விஷயம் இருக்கு. பதிலை யார்கிட்டயும் காட்ட வேண்டாம். குறைச்சுக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா? அடுத்தவங்க உங்க குடியைப் பத்திப் பேசினா எரிச்சல் வருதா? குடிச்சதை நினைச்சு குற்ற உணர்ச்சி வந்திருக்கா? காலையில எழுந்ததும் தலைபாரம் போக, கை நடுக்கம் நிக்க, ஒரு ரவுண்டு தேவைப்பட்டிருக்கா? ரெண்டுக்கு 'ஆமா'ன்னா, உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நேரம்.

நாலாவது கேள்விக்கு 'ஆமா'ன்னா மட்டும் ஒரு பெரிய ஸ்டாப் போர்டு. தினமும் நிறையக் குடிச்சுப் பழகின உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. முதல் ரெண்டு மூணு நாள்ல நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறதுன்னு உயிருக்கே ஆபத்து வரலாம். 'வைராக்கியமா ரூம்ல பூட்டி வெச்சுடலாம்'னு ஃப்ரெண்ட்ஸ் டாக்டர் ஆகாதீங்க. நிஜ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு, சேலத்துலயும் இருக்கு. போன்ல பேசணும்னா 14416. போதைப் பழக்கத்துக்குன்னே தனியா 14446. ரெண்டும் இலவசம்.

சனிக்கிழமையை மாத்துங்க

அந்த அளவுக்குப் போகாதவங்களுக்கு, ஹாஸ்டல் அண்ணா செஞ்சு பார்த்ததும், நான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதும் சேர்த்து...

ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. என்னிக்கு, எங்கே, யாரோட, எவ்வளவு, எத்தனை ரூபாய். யாரையும் திட்ட வேண்டாம், எழுதினா போதும். அண்ணா எழுதிப் பார்த்தப்போதான் அவருக்கே புரிஞ்சுது. பன்னண்டு தடவையில ஒன்பது தடவை அவருக்குக் குடிக்கணும்னே தோணலை. ரூம்ல தனியா இருக்கப் பிடிக்கலை, அவ்வளவுதான்!

நேரத்தைக் கண்டுபிடிச்சாச்சுன்னா, அந்த நேரத்துல முன்கூட்டியே வேற எதையாவது வெச்சுடுங்க. 'ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்'னா ஆறு மணி நம்மளைப் பார்த்துக்கும். அண்ணா சனிக்கிழமை அஞ்சரைக்கே ஷட்டில் கோர்ட் புக் பண்ணிட்டார். முடிஞ்சதும் வேர்வையோட நேரா தட்டுவடை செட் கடை. நல்லாச் சாப்பிட்டு, நாலு பேரோட வம்பளந்துட்டு ரூமுக்கு வந்தா மணி ஒன்பதாயிடுதாம். திருச்செங்கோட்டுப் பசங்களுக்கு மலைப்படி இருக்கு, நாமக்கல்காரங்களுக்குக் கோட்டை இருக்கு. வெறும் வயிறு, வெறும் ரூம், வெறும் நேரம்... மூணும் ஒண்ணு சேரக் கூடாது, அவ்வளவுதான் சூத்திரம்.

ஆசை வந்தா அது அலை மாதிரி ஏறும், அப்புறம் இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள. அந்த நேரத்துக்கு ஒரு போன் கால், ஒரு டீ, ஒரு நடை.

'வேண்டாம்'னு சொல்ல ஒரே ஒரு வரியை ரெடி பண்ணி வெச்சுக்கங்க. "நான் நிறுத்தியிருக்கேன் மச்சி, நீங்க கன்டினியூ பண்ணுங்க." காரணம் சொல்ல ஆரம்பிச்சா பட்டிமன்றம் ஆயிடும். நடுவுல ஒரு நாள் சறுக்கிடுச்சா? 'எல்லாம் போச்சு'ன்னு முழு பாட்டிலைத் திறக்காதீங்க. ஒரு இன்டர்னல்ல மார்க் போனா டிகிரியையே கிழிச்சுப் போட்டுடறோமா என்ன?

அடுத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. குடிக்கலைன்னு சொல்றவனை 'மாமியார் வீட்டு மாப்பிள்ளை, பால் டம்ளர்'னு ஓட்டாதீங்க. அவன் அன்னிக்கு அந்த டேபிள்ல உட்கார்ந்திருக்கறதுக்கு எவ்வளவு தம் கட்டியிருக்கான்னு நமக்குத் தெரியாது. ட்ரீட்னா பிரியாணிக்கும் ட்ரீட்தான்!

வீட்டுல அப்பா குடிச்சா?

நான் எழுதத் தயங்கின பாரா இது. நம்ம கிளாஸ்ல பாட்டிலையே தொடாத எத்தனையோ பேர் குடியால கஷ்டப்படறாங்க. ஃபீஸ் கட்ட வேண்டிய பணம் காணாமப் போகும். வெள்ளிக்கிழமை எல்லாரும் ஊருக்குக் கிளம்ப, சிலர் மட்டும் 'அசைன்மென்ட் இருக்கு'ன்னு ஹாஸ்டல்லயே தங்கிடுவாங்க. பொண்ணுங்க இதைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. 'நான் நல்லா மார்க் எடுத்தா அப்பா திருந்திடுவார்'னு நம்பறவங்களும் இருக்காங்க.

சென்னையில சாந்தி ரங்கநாதன்னு ஒருத்தர். கணவரைக் குடிப்பழக்கத்துக்குப் பறிகொடுத்தவர். 1980-ல குடிநோய்க்கு சிகிச்சை கொடுக்கிற நிறுவனத்தை ஆரம்பிச்சார், இன்னிக்கு டி.டி.கே. ஆஸ்பத்திரின்னு தெரியும். குடிக்கிறவரோட சேர்த்து வீட்டுல இருக்கறவங்களுக்கும் அங்கே ஆலோசனை உண்டு. ஏன்னா, குடி ஒருத்தர் உடம்புக்குள்ள போனாலும் வலி வீடு முழுக்க இருக்கும்.

ஸோ, அப்படி ஒரு வீட்டுல இருந்து வந்தவங்களுக்கு: அப்பா குடிக்கறதுக்கு நீங்க காரணம் இல்லை. அவரை ஒத்தை ஆளா திருத்தற பொறுப்பும் உங்க தலையில இல்லை. அது ஒரு நோய், அதுக்கு மருந்து இருக்கு, டாக்டர் இருக்காங்க. அவர் தெளிவா இருக்கிற ஒரு காலை நேரமா பார்த்து, சண்டை இல்லாம, "ஆஸ்பத்திரிக்குப் போலாங்கப்பா, நானும் வரேன்"னு சொல்லிப் பாருங்க. ஒத்துக்கலைன்னா அந்த நம்பர்களுக்கு நீங்க உங்களுக்காகவே பேசலாம். யார்கிட்டயாவது சொன்னாலே பாதி பாரம் இறங்கும்.

அடுத்த வாரம் கொஞ்சம் ஜாலியா, குரூப் டிஸ்கஷன்ல பேசாமலேயே செலக்ட் ஆன ஜாம்பவான்களைப் பத்திப் பார்ப்போம். இந்த சனிக்கிழமை ஆறு மணிக்கு உங்க ரூம்ல யாராவது சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தா, "வாடா, தட்டுவடை செட் சாப்பிட்டு வரலாம்"னு கூப்பிடுங்க. காசு நீங்களே கொடுத்துடுங்க பாஸ்!