பச்சை பஸ்ஸும் பணப்பெட்டியும்



"தேர்தலா? அதெல்லாம் காசு உள்ளவன் சமாச்சாரம்ப்பா!" நம்மில் பலர் இப்படிச் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. சாட்சிக்கு ஒரு வாத்தியாரை அழைக்கிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த பால் வெல்ஸ்டோன் அவர்.

1969 முதல் கார்ல்டன் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தியவர். வகுப்பறையோடு நிற்காமல் ஏழைகளின் போராட்டங்களுக்கும் போய்விடுவார். 1974-ல் கல்லூரி அவரை வெளியேற்றப் பார்த்தது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள், முடிவு மாறியது, வேலையும் நிரந்தரமானது! 1980-களில் வங்கிகள் விவசாயிகளின் நிலங்களை ஜப்தி செய்தபோதும், ஹார்மெல் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தபோதும் அவர்கள் பக்கமே நின்றார்.

1990-ல் செனட் தேர்தலில் குதித்தார். (அங்கே காங்கிரஸ் என்றால் கட்சி அல்ல, நாடாளுமன்றம். அதன் மேல்சபைதான் செனட்.) எதிரே, பதவியில் இருந்த ரூடி போஷ்விட்ஸ். அவர் ஏழு டாலர் செலவழித்தால் இவரிடம் ஒரு டாலர்தான்! பச்சை பெயிண்ட் அடித்த பழைய ஸ்கூல் பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார். டி.வி. விளம்பரத்திலோ, தன்னிடம் 60 லட்சம் டாலர் இல்லாததால் வேகமாகப் பேசியாக வேண்டும் என்று சொல்லி, மூச்சு விடாமல் பேசித் தள்ளினார். மக்கள் சிரித்தார்கள், ஓட்டும் போட்டார்கள். அந்த ஆண்டு பதவியிலிருந்த ஒரு செனட்டரைத் தோற்கடித்தவர் அவர் ஒருவரே.

சரி, ஜெயிச்சு என்ன சாதிச்சார்? கம்பெனிகளுக்காகக் காரியம் முடிக்க வருபவர்களிடம் செனட்டர்கள் வாங்கும் பரிசுகளுக்குக் கடிவாளம் போட 1995-ல் முன்நின்றார். எதிர்க்கட்சியின் பீட் டொமெனிசியோடு கைகோத்து, மனநோய்க்கான இன்சூரன்ஸில் பாரபட்சத்தைக் குறைக்கும் சட்டத்தை 1996-ல் கொண்டுவந்தார். அதன் விரிவான வடிவம் 2008-ல் இருவர் பெயரிலும் சட்டமானது. 2002 அக்டோபரில், இழுபறியான தேர்தல் நெருங்கும் வேளையிலும், ஈராக் போருக்கு எதிராக ஓட்டளித்தார். இரண்டே வாரத்தில் விமான விபத்தில் மனைவி, மகளோடு இறந்துபோனார்.

குறையே இல்லாதவரா? இல்லை. இரண்டு முறைதான் பதவி என்று சொன்னவர் மூன்றாம் முறையும் நின்றார். அந்தத் தேர்தலுக்கு அவரும் பெரும் நிதி திரட்ட வேண்டியிருந்தது. 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சியோடும் வேட்பாளரோடும் சேராமல் தனியாகச் செய்யும் தேர்தல் பிரசாரத்துக்குக் கம்பெனிகள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்றே தீர்ப்பளித்துவிட்டது. ஆக, ஒரு நல்லவரின் நேர்மை மட்டும் போதாது. சட்டமும் வேண்டும், விழிப்பான வாக்காளரும் வேண்டும்.

பணம் கொடுத்தவன் ஜெயித்த பிறகு சும்மா இருப்பானா? கணக்குக் கேட்பான். பத்தும் இருபதுமாகப் பலர் கொடுத்தால், கணக்குக் கேட்பவர்களும் பலராக இருப்பார்கள். என்னைப் பொறுத்தவரை விஷயம் இவ்வளவுதான்.

எனவே நண்பர்களே, நம் சங்கத் தேர்தலாகட்டும், சட்டசபைத் தேர்தலாகட்டும், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "போஸ்டர் அடிச்ச காசு யாரோடது?"