மாற்றுச் சான்றிதழ் மருந்தாகுமா?

1902-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் மருத்துவர்கள் குழந்தைகளைப் பரிசோதித்தனர். கண்நோயோ சொறிசிரங்கோ தென்பட்டால் வீட்டுக்கு அனுப்பினர். அவ்வளவே. அனுப்பப்பட்ட பிள்ளை மாலையில் அதே தோழரோடு தெருவில் விளையாடியது; நோயும் தீரவில்லை, படிப்பும் நின்றது. அப்போது லில்லியன் வால்ட் என்னும் சமூகத் தொண்டர், தம்மோடு பணியாற்றிய லினா ராஜர்ஸ் என்னும் செவிலியை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியிலேயே மருந்திட்டார். பின்னர்ப் பிள்ளையின் வீடுவரை நடந்தார். பள்ளிச் செவிலியர் பணி இவ்வாறு ஊர்ச் செவிலியர் பணியின் மடியில்தான் பிறந்தது.

நூற்றிருபது ஆண்டுகள் கடந்த பின்னும் நம் மறைமாவட்டப் பள்ளிகள் பல அந்தப் பழைய மருத்துவர்களின் வழியிலேயே நிற்கின்றன என்பது என் குற்றச்சாட்டு. புகையிலைப் பொட்டலத்தோடு ஒருவன் பிடிபடுகிறான். மணிக்கட்டைக் கீறிக்கொண்ட ஒருத்தி கண்டறியப்படுகிறாள். பெற்றோர் அழைக்கப்படுகின்றனர், மாற்றுச் சான்றிதழ் எழுதப்படுகிறது. நோயாளியை வெளியேற்றினால் பள்ளி நலம் பெறும் என்பது எவ்வகை மருத்துவம்? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம்.

உதவ எவருமில்லை எனல் பொருந்தாது. 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு, அரசு உதவிபெறும் நம் பள்ளிகளுக்கும் உரியது. 2014-இல் வந்த வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் உளநலத்தையும் போதைப்பழக்கத்தையும் தன்னுள் கொண்டது. கிராம சுகாதாரச் செவிலியர் பள்ளிக்கு அண்மையிலேயே இருக்கிறார். ஆயினும் உயரமும் எடையும் குறித்துச் செல்லும் குழுவிடம், "இவன் மூன்று வாரமாக உறங்கவில்லை" என்று சொல்ல உள்ளே ஒருவர் வேண்டுமே! மதிப்பெண் இடுபவரிடம் பிள்ளை மனம் திறவாது. ஆலோசகர் அறைக்குச் சென்றால் பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சும். வயிற்றுவலி என்று செவிலியரிடம் சென்றாலோ, ஏனென்று கேட்பார் இல்லை. திங்கள்தோறும் வரும் அந்த வயிற்றுவலிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பழகிய கண் அறியும்.

பள்ளியின் நற்பெயர் கெடும் என்பர் சிலர். சிறார் மீதான பாலியல் குற்றத்தை மறைப்பதே குற்றம் என 2012-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய பின் நற்பெயருக்கு என்ன பொருள்? அந்நியர் நம் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்துக்கு மாறானதைப் போதிப்பர் என்பர் வேறு சிலர். அவ்வாறாயின் நம் செவிலியர் உடனிருக்கட்டும். கதவை அடைத்தால் கைப்பேசி போதிக்கும். பணமில்லை என்போரிடம் யூபிலி வளைவுகளின் செலவுக் கணக்கைக் கேட்க மனம் வரவில்லை, கேட்டுவிட்டேன்.

நல்ல சமாரியர் எல்லாவற்றையும் தாமே செய்துவிடவில்லை. காயத்தைக் கட்டினார், சத்திரத்தில் ஒப்படைத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார். அத்திரும்புதல்தான் நம்மிடம் இல்லை.

ஒரே சபைச் சகோதரியர் பள்ளியும் மருத்துவமனையும் அருகருகே நடத்தும் ஊர்கள் உண்டு. இடையில் ஒரு மதில், அதில் கதவில்லை. வரும் ஜூன் மாதத்திற்குள் ஒரு கதவு வைக்கக் கொத்தனாருக்கு இரண்டு நாள் போதும்.